மணையைத் தூக்கிக்கொண்டு ஓடிய நிப்பாட்டி

தான் பார்க்கிற வேலையின் முதல் பாதி சுத்தமாகத் தெரியாமல், கடைசிப் பாதியை மட்டும் வைத்துப் பிழைப்பு நடத்திய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து இந்தத் தமிழ்நாட்டிலேயே நாங்கள் நிப்பாட்டி என்று பட்டப்பெயர் வைத்திருந்தவர்தான். ஜெனரேட்டர் ஆபரேட்டர் என்று சம்பளம் வாங்கினார். கிளப்பச் சொன்னால் எட்டுத் தடவை முக்கிவிட்டு ஒன்பதாவது தடவை வாட்ச்மேனைக் கூப்பிடுவார். ஆனால் ஓடுகிற எஞ்சினை நிறுத்துவது எப்படி என்று கேட்டுவிட்டால் போதும், பந்தி முடிந்து இலை எடுக்கிற வரைக்கும் விட மாட்டார். ஓட வைப்பதற்காகச் சம்பளம் கொடுத்த முதலாளிக்கு, நிறுத்துவதில் மட்டும் ஆர்வமுள்ள ஆள் வந்து வாய்த்தது யார் செய்த பாவமோ தெரியவில்லை.

இருபது வருஷத்துக்கு முந்தி, திண்டுக்கல் பழனி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு நான் மேனேஜர். முகூர்த்த நேரம் பார்த்துக் கரண்ட் போகிற காலம் அது. சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதற்குள் இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றை முதலாளி இறக்கியிருந்தார். தூத்துக்குடிப் பக்கம் ஏதோ படகிலிருந்து கழற்றியது, சல்லிசாகக் கிடைத்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டார். அந்த எஞ்சினைத் தேடி வந்தவர் மாதிரி அடுத்த வாரமே நிப்பாட்டி வந்து சேர்ந்தார். ஆத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். அணைத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காத ஊரிலிருந்து கிளம்பிப் போய், நாலு வருஷம் கடலில் பாய் கட்டிய வள்ளத்தில் எஞ்சின் பார்த்திருக்கிறார்.

அங்கேதான் பிடித்தது வினை. ஒருநாள் கரைக்குத் திரும்பும்போது எஞ்சினின் நிறுத்துக் கம்பி அறுந்து கையோடு வந்துவிட்டதாம். எஞ்சின் நிற்கவில்லை. பாயை இறக்கியும் வள்ளம் நிற்கவில்லை. இந்தக் கதையை அவர் எனக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பார், ஒரு தடவை சொன்னது போல மறு தடவை சொன்னதில்லை. மாசியில் சொன்னபோது வள்ளம் படகுத்துறைப் பாலத்தில் மோதியது. பங்குனியில் அது கரையேறி மீன் ஏலம் விடுகிற இடம் வரைக்கும் போயிற்று. எல்லாக் கதையிலும், முன்னால் கயிறு பிடித்து நின்ற அவருடைய மச்சானுக்கு மட்டும் ஒரே மாதிரி இடது கால் போனது. நான் அதைக் கவனிக்கவில்லை. புளுகுகிறவர் ஒரு இடத்தில் மட்டும் ஏன் மாற்றிச் சொல்லவில்லை என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அப்போது பொறுமை கிடையாது.

"தரையில எஞ்சின் நிக்கலைன்னா வெறும் சத்தம்தான் தம்பி. தண்ணில நிக்கலைன்னா கரை வந்துரும்" என்பார்.

இதைச் சொல்லிவிட்டு, பெரிய விஷயம் சொல்லிவிட்ட மாதிரி என் முகத்தையே பார்ப்பார். நான் விசிறியைப் பார்ப்பேன்.

அவருடைய தத்துவம் சின்னது. எஞ்சினுக்கு டீசல் சோறு, காற்று மூச்சு. சோற்றை நிறுத்தியும் அடங்காத எஞ்சினுக்கு மூச்சைப் பொத்த வேண்டும். காற்று இழுக்கிற வாய் ஒரு டம்ளர் அகலம்தான் இருக்கும். துணியைத் திணித்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், கையை வைத்தால் கையும் போகும். ஆகவே தட்டையாக, கெட்டியாக ஒரு பொருள் வேண்டும். இது வரைக்கும் சரி. ஆனால் இந்த மனிதர் அதன் பிறகு உலகத்தில் உள்ள எல்லாப் பொருளையும், எஞ்சினை நிறுத்தும், நிறுத்தாது என்று இரண்டாகப் பிரித்துவிட்டார். வேலை கேட்டு வந்த அன்றைக்கே என் ஆபீஸ் சுவரில் தொங்கிய நாள்காட்டி அட்டையைத் தட்டிப் பார்த்து, "இது தாங்காது" என்றார். இட்லிக் குண்டான் மூடி தாங்கும். எவர்சில்வர் தட்டு வளைந்துவிடும். முதலாளியின் அப்பா படத்தைச் சட்டத்தோடு எடுத்துத் திருப்பிப் பார்த்து, கண்ணாடி உடையும் என்று சொல்லி மாட்டிவிட்டுப் போனார். நல்லவேளை, முதலாளி அன்றைக்கு ஊரில் இல்லை.

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, மண்டபம் தூங்கும். எங்களைத் தூங்கவிடாமல் நிப்பாட்டி ஒத்திகை நடத்தினார். அதில் எஞ்சின் அவரேதான். கொட்டகை வாசலில் நின்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு டுடுடுடு என்று சத்தம் போடுவார், போகப் போக வேகத்தைக் கூட்டுவார், உடம்பெல்லாம் குலுங்கும். சமையல் மாஸ்டர், வாட்ச்மேன், பெருக்குகிற செல்லம்மா எல்லோரும் ஆளுக்கொரு தட்டையான சாமானோடு ஓடி வந்து அவர் வாயைப் பொத்த வேண்டும். செல்லம்மா அவர் மேல் பழைய கோபம் ஏதோ வைத்திருந்தாள். சப்பாத்திப் பலகையால் அவள் பொத்திய பொத்தில் எஞ்சினுக்கு முன்பல் ஒன்று ஆடிப்போயிற்று. அதற்கும் அவர் சந்தோஷப்பட்டார். மற்றவர்களைப் பார்த்து, செல்லம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார்.

ஒத்திகையில் இன்னொரு பாடமும் உண்டு. எஞ்சின் வெறிபிடித்து ஓடும்போது பயந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கிவிடக் கூடாது. லைட், விசிறி என்று சுமை இருக்கிற வரைக்கும்தான் அது கொஞ்சமாவது அடங்கி ஓடும், சுமையை எடுத்துவிட்டால் பறந்துவிடும். இதை அவர் என்னிடம் தனியாக வந்து மூன்று தடவை சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஆவணி பிறந்ததும் அவருடைய தொந்தரவு மேடைக்கு ஏறிவிட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரப் போடுகிற மணை இருக்கிறதே, எங்கள் மண்டபத்து மணை நல்ல பழைய தேக்கு. ஒரு கல்யாணத்தன்று விடியற்காலையில் பெண்ணின் பெரியப்பா மேடைக்கு வந்தால், அங்கே ஒருவர் மணையை முகத்தோடு முகமாகச் சேர்த்துப் பிடித்து, காற்று போகிறதா என்று வாயால் உறிஞ்சிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, இந்த மண்டபத்தில் மணையை நக்குகிற வழக்கம் எப்போதிருந்து என்று கேட்டார். நான் நிப்பாட்டியைப் பார்த்துக் கத்தினேன். அவர் மணையைத் துடைத்து வைத்துவிட்டு, "முத்துன தேக்கு தம்பி, அருமையா நிக்கும்" என்றார்.

அன்று மத்தியானமே முதலாளிக்குக் கடிதம் எழுதினேன். இந்த ஆளை அனுப்பிவிட்டு, கிளப்பத் தெரிந்த ஆளாக ஒருவரைப் போடுங்கள் என்று இரண்டு பக்கம். முகூர்த்தம் எல்லாம் முடியட்டும், பார்ப்போம் என்றார் முதலாளி.

அதற்கிடையில் நிப்பாட்டி ஆயக்குடியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று இரண்டு நாள் லீவு போட்டார். அவர் இல்லாமலும் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று காட்ட எனக்கு அது நல்ல சந்தர்ப்பம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். காற்று உள்ளே போகிற இடத்தில் தூசியைப் பிடிக்க ஒரு கிண்ணம் மாட்டி, அதில் எண்ணெய் ஊற்றியிருப்பார்கள். திறந்து பார்த்தால் எண்ணெய் அடியில் கொஞ்சம்போலக் கிடந்தது. அதற்கு நேராக நிப்பாட்டி சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டை நான் அலங்காரம் என்று நினைத்தேன். முதலாளி காசில் என்ன கஞ்சத்தனம் என்று திட்டிக்கொண்டே கிண்ணத்தின் விளிம்பு வரைக்கும் ஊற்றி மூடினேன். இவ்வளவுதானே வேலை, இதற்கு ஒரு ஆளா என்றும் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஒட்டன்சத்திரத்துக்காரர் வீட்டுக் கல்யாணம். ஏழரைக்கு முகூர்த்தம். ஏழு மணிக்குக் கரண்ட் போயிற்று. நிப்பாட்டி வழக்கம்போல எட்டுத் தடவை முக்கி, வாட்ச்மேனைக் கூப்பிட்டு எஞ்சினைக் கிளப்பினார். பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடியது. பிறகு மண்டபத்தில் டியூப் லைட்டெல்லாம் வெள்ளை வெளேரென்று எரிந்தது. விசிறிகள் பறந்தன. சமையல்கட்டுப் பக்கமிருந்து நீலப் புகை வந்து பந்தியில் நுழைந்தது. பொங்கல் போட்டிருந்ததால் யாரும் எழுந்திருக்கவில்லை, புகைக்குள்ளேயே சட்னி கேட்டார்கள்.

நான் கொட்டகைக்கு ஓடினேன். எஞ்சின் போல்ட்டைப் பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடும் போலக் குதித்துக்கொண்டிருந்தது. நிப்பாட்டி நிறுத்துக் கம்பியை இழுத்துவிட்டார், நிற்கவில்லை. டீசல் குழாயை மூடிவிட்டார், நிற்கவில்லை. நான் விளிம்பு வரைக்கும் ஊற்றிய எண்ணெயை அது உறிஞ்சிக் குடித்துக்கொண்டு ஓடுகிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. சுவரில் இருந்த மெயினை நோக்கி நான் போவதைப் பார்த்து, "மெயின்ல கை வைக்காதீங்க தம்பி" என்று கத்தினார். மூன்று தடவை சொல்லிக்கொடுத்த பாடம். கைப்பிடியைப் பிடித்து இறக்கினேன்.

சுமை போனதும் எஞ்சின் ஊளையிட்டது. தகரக் கூரை ஆணி இரண்டு தெறித்து விழுந்தது. எஞ்சினோடு சுற்றுகிற அந்த இரும்புச் சக்கரம் மட்டும் வெடித்திருந்தால் ஒரு சுவர் தள்ளிச் சமையல்கட்டில் கேஸ் சிலிண்டர்கள், அதற்கு அந்தப்பக்கம் பந்தியில் முந்நூறு பேர். நிப்பாட்டி என்னைத் திட்டக்கூட இல்லை. சமையல்கட்டு வழியாக மண்டபத்துக்குள் ஓடினார்.

மேடையில் பெண் கூரைப்புடவை மாற்றப் போயிருந்தாள். மாப்பிள்ளை மட்டும் மணையில் உட்கார்ந்திருந்தார். "மாப்ள, செத்த எந்திரிங்க" என்றார் நிப்பாட்டி. அந்தப் பிள்ளை காலையிலிருந்து யார் என்ன சொன்னாலும் செய்துகொண்டிருந்தது. எழுந்துவிட்டது. நிப்பாட்டி மணையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பெண்ணின் அப்பா பின்னாலேயே ஓடி வந்தார். "ஏனுங்க, மணையத் தூக்கீட்டு எங்கீங்க ஓடறீங்க?"

ஐயர் ஓடினார். மாப்பிள்ளை வீட்டில் பத்துப் பதினைந்து பேர் ஓடினார்கள். கொட்டகை வாசலுக்கு வந்து எஞ்சினைப் பார்த்ததும் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போனது அவர் ஒருவர்தான். சுத்தியால் அந்த எண்ணெய்க் கிண்ணத்தை அடித்துக் கழற்றினார், எண்ணெய் அவர் காலெல்லாம் கொட்டியது. காற்று வாயில் மணையை வைத்து, நெஞ்சைக் கொடுத்து அழுத்தினார். எஞ்சின் மணையை இழுத்துப் பிடித்தது, இரண்டு தடவை விக்கியது, நின்றது. சத்தம் அடங்கியதும், அதுவரை யாருக்கும் கேட்காமல் வாசித்துக்கொண்டிருந்த நாதஸ்வரம் மண்டபத்திலிருந்து கேட்டது. மணையின் நடுவில் வட்டமாக எண்ணெய்க் கறை. ஐயர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, மேலே பட்டுத்துண்டை விரிக்கச் சொன்னார். ஜன்னல் வெளிச்சத்தில் தாலி ஏறியது.

ஒன்பது மணிக்கு முதலாளி வந்தார். உடைந்த கிண்ணத்தையும் தரையில் கிடந்த எண்ணெயையும் பார்த்தார்.

"எண்ணெய இம்புட்டு ஊத்துனது யாரு?"

நிப்பாட்டி என் சட்டைக் கையைப் பார்த்தார். எண்ணெய் ஊற்றிய அன்று போட்ட அதே சட்டைதான் அன்றைக்கும் போட்டிருந்தேன், கையில் பட்ட எண்ணெய்க் கறை போகவில்லை. பிறகு முதலாளியிடம் திரும்பி, "நாந்தான் முதலாளி. கண்ணு மங்கிப் போச்சு, கோடு தெரியல" என்றார். அவர் கண் மங்கவில்லை. தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டைப் படிக்கிற கண் அது.

"மேனேஜர் அப்பவே எழுதியிருந்தாரு, நாந்தான் கேக்கல" என்றார் முதலாளி. அந்த நிமிஷமே நிப்பாட்டியைக் கணக்கை முடித்துக்கொண்டு போகச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. தங்கை கல்யாணம், வாடகை, அது இது என்று எனக்கு அன்றைக்கு ஆயிரம் காரணம் இருந்தது. இப்போது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஆத்தூர் பஸ் நிற்கிற இடத்தில் அவரைப் பிடித்தேன். கையில் ஒரு துணிப்பை, காலில் எண்ணெய் காயவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"என்னைய எப்படியும் அனுப்பத்தான போறாரு, நீங்கதான் கடுதாசி எழுதிட்டீங்கள்ல, வாட்ச்மேன் அன்னைக்கே சொன்னாப்ல. ஒரு எண்ணெய்க்கு எதுக்கு ரெண்டு பேரு வேலைய விடணும்?" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. கணக்கு அப்படித்தான் வருகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். பஸ்ஸில் ஏறப் போனவர் திரும்பி, "நெறைய ஊத்துனா நல்லதுன்னு நெனச்சுட்டீங்க. எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாக. வாரேன் தம்பி" என்றார்.

முதலாளி இருந்தவரைக்கும் உண்மையை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது அவரும் இல்லை. ஆத்தூருக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை வீடு பூட்டியிருந்தது. இரண்டாம் தடவை வேறு யாரோ குடியிருந்தார்கள், கடற்கரைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். இதைப் படிக்கிறவர்கள் யாராவது அந்தப் பக்கம் நிப்பாட்டி அண்ணனைப் பார்த்தால், தம்பி தேடுகிறான் என்று சொல்லுங்கள்.