சிவப்பு ரிப் மாட்டிய லீக்ஸ்

எனக்கு வாய் எப்போதும் கைக்கு முன்னால் ஓடும். கை வந்து சேர்வதற்குள் வாய் நாலு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கும். அப்படித்தான் ஒரு முறை, திருப்பூர் வெயிலில் வருடம் முழுக்க லீக்ஸ் விளைவித்துக் காட்டுகிறேன் என்று பெல்ஜியத்துக்காரர் ஒருவரிடம் சொல்லிவிட்டேன். அதுவரை லீக்ஸை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் எனக்கு மெர்ச்சண்டைசர் வேலை. (வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையர் கேட்பதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, அப்புறம் உள்ளே ஓடிப்போய் அதை எப்படிச் செய்வது என்று விசாரிக்கும் வேலை.) மதியச் சாப்பாட்டில் எங்கள் பையர், அந்தப் பெல்ஜியத்துக்காரர், தன் வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேசினார். வெங்காயத்துக்குப் பெரியப்பா மகன் மாதிரி ஒரு செடியாம். அடியில் கிழங்கு இருக்காது, மணிக்கட்டுப் பருமனில் வெள்ளைத் தண்டுதானாம். பன்னிரண்டு மாதமும் பிடுங்கலாமாம். "இங்கேயும் வளரும், என் வீட்டிலேயே வளர்க்கிறேன்" என்றேன். முதலாளி சோறு பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அடுத்த கூரியரில் சாம்பிள் துணிகளுக்கு நடுவே ஒரு விதைப் பாக்கெட் வந்தது. தை மாதம் வரும்போது பார்க்கிறேன் என்று கடிதமும் இருந்தது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். மனைவி சரோஜா குன்னத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். விதையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள்.

"வெங்காய வெதையாட்டமே இருக்குதுங்க. நாத்து உட்டுப் பாத்தரலாம். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா ஒண்ணா முடிஞ்சு போயிருமுங்க. அமாவாசைக்கு அமாவாசை ஒரு கை போடறேன்."

வைகாசியில் போட்டது வெயிலில் சுருண்டது. ஆனியில் போட்டதும் அதே கதி. (நான் பெல்ஜியத்துக்கு எழுத வேண்டிய மன்னிப்புக் கடிதத்தை மனதுக்குள் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.) அவள் தென்னங்கீற்றில் நிழல் கட்டி, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி, ஆடியில் மூன்றாவது முறை போட்டாள். அது நின்றது. கார்த்திகையில் ஒரு காலை பல் துலக்கப் பின்பக்கம் போனவன் பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த பத்தடி இடத்தில், எங்கேயோ பனியில் வளர்கிற செடி இடுப்புயரத்துக்கு விசிறி விரித்து நின்றது. உப்புத் தண்ணீர் ஊருக்குள் அதை வரவழைத்தவள் பக்கத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். பாக்கெட் படத்தில் தண்டு ஒரு சாண் வெள்ளையாக இருந்தது, எங்களுடையது அடிவரை பச்சை. வெளிச்சம் படாமல் மூடினால் வெளுக்கும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது.

"மண்ணு அணைச்சாப் போதுமுங்க" என்றாள் சரோஜா.

மண் எதற்கு, கம்பெனி இருக்கும்போது? அந்த வாரம்தான் அதே பையரின் ஆர்டருக்குச் சாயப்பட்டறையிலிருந்து இழுத்தால் விரியும் சிவப்பு ரிப் துணி வந்திருந்தது. வெள்ளைப் பனியனுக்குச் சிவப்புக் கைப்பட்டி. புது லாட் வந்தால் வெள்ளைத் துணியோடு சேர்த்துத் துவைத்துப் பார்ப்பது என் பொறுப்பு. முந்தின லாட் நன்றாகத்தானே இருந்தது என்று, துவைக்காமலே ஓகே என்று கையெழுத்துப் போட்டேன். வெட்டி மிஞ்சிய துண்டுகளை டெய்லரிடம் கொடுத்துக் குழாய் குழாயாகத் தைத்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

"ஏனுங்க, சாயம் போவாதுங்களா?"

"எக்ஸ்போர்ட் குவாலிட்டி சரோஜா."

"செரிங்க" என்றாள். ஓரத்து வரிசை ஒன்றுக்கு மட்டும் பேசாமல் மண் அணைத்தாள். மற்றதெல்லாம் சிவப்புக் காலுறை மாட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன. தெருவே வந்து பார்த்தது. நான் விளக்கம் சொன்னேன்.

தையில் பையர் வந்தார். பனியன்கள் பெட்டியில் அடைபட்டு மறுநாள் லாரிக்குக் காத்திருந்தன. முதலாளியே அவரைக் காரில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். பின்பக்கம் நுழைந்ததும் பையர் தொப்பியைக் கழற்றினார். பேன்ட்டோடு ஈர மண்ணில் மண்டி போட்டு இலையைத் தொட்டுப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு மெதுவாக ஒரு ரிப்பைக் கீழே உருட்டினார்.

தண்டு வெள்ளையாகத்தான் இருந்தது. அதன் மேல் மேலிருந்து கீழ்வரை, தினமும் ஊற்றிய தண்ணீர் வழிந்த பாதையெல்லாம் சிவப்பு. அடுத்ததை உருட்டினார், சிவப்பு. கைக்குட்டையை எடுத்து ரிப்பின் மேல் நாலு தேய் தேய்த்தார். கம்பெனியில் துணியைச் சோதிப்பதும் அப்படித்தான். வெள்ளைக் கைக்குட்டை குங்குமம் கொட்டியதுபோல் ஆனது.

"இது என் ஆர்டர் ரிப்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "தம்பி, லாட்டத் தொவச்சுப் பாத்தீங்களா?"

நாலு ஊருக்கு முன்னால் ஓடும் என் வாய்க்கு அன்று ஒரே சொல்தான் கிடைத்தது. "இல்லீங்க" என்றேன். வேலை போய்விட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தது. பெட்டிகள் கப்பலேறியிருந்தால் அத்தனை வெள்ளைப் பனியனும் முதல் துவைப்பிலேயே ரோஸ் ஆகியிருக்கும், கம்பெனியும் போயிருக்கும் என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

சரோஜா ஓரத்து வரிசைக்குப் போனாள். மண்ணை விலக்கி, ஒரு தண்டை வேருக்கு மேலே அரிவாளால் அறுத்து, பையரிடம் நீட்டினாள். சாணளவு தூய வெள்ளை.

"ஏனுங்கம்மா, வேரோட புடுங்கலீங்களா?" என்றார் முதலாளி.

"வேரு கெடந்தா மறுக்கா தளுக்குமுங்க. அப்பத்தானுங்க வருசம் பூரா வரும். இவிக சொல்லிப்போட்டாங்களே."

என் வாய் கொடுத்த வாக்கை அவள் கை காப்பாற்றிக்கொண்டிருந்தது.

பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டு அவள் செய்த லீக்ஸ் கூட்டைப் பையர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். கைகழுவிவிட்டு, ரிப்பை மாற்ற இரண்டு வாரம் கொடுத்தார். முதலாளி என்னை அனுப்பவில்லை. ஆனால் அந்த இரண்டு வாரமும் கம்பெனிப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கைப்பட்டியாகத் தையல் பிரித்தேன். "லீக்ஸ் அண்ணா, இந்தப் பக்கம் நூலு உட்டுப்போச்சுங்க" என்பார்கள்.

அன்று முதல் இன்றுவரை, வெயில் எவ்வளவு காய்ந்தாலும் எங்கள் வீட்டில் லீக்ஸ் இல்லாத மாதமே இல்லை. சென்ற தீபாவளிக்கு ஆசைப்பட்டுச் சிவப்புச் சட்டை ஒன்று வாங்கி வந்தேன். சரோஜா வாங்கிப் பார்த்தாள், சட்டையோடு பின்பக்கம் போனாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். ஒரு லீக்ஸ் என் சட்டையின் வலது கையை மாட்டிக்கொண்டு நின்றது. எங்கள் மகள் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மூணு நாள் போவட்டுங்க" என்றாள் சரோஜா. "அப்பறம் நீங்க போட்டுக்கலாம்."