ரப்பர் பேண்டும் எவர்சில்வர் தட்டும்

சால்னா பார்சல் வாங்கி, சால்னாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அதைக் கட்டியிருந்த ரப்பர் பேண்டை மட்டும் பத்திரப்படுத்திய மனிதர் ராஜபாளையத்திலேயே ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் கம்பெனி ரிஜிஸ்டரில் இருந்தது, வேறெங்கும் இல்லை. எங்களுக்கு அவர் ரப்பர் பேண்டு அண்ணாச்சி.

தொண்ணூறுகளின் கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டில் இருந்த ஒரு குடிநீர் பாட்டில் கம்பெனியில் நான் கெமிஸ்ட். அண்ணாச்சி ஓசோன் மெஷின் ஆபரேட்டர். காற்றில் மின்சாரம் பாய்ச்சி அந்த மெஷின் ஓசோனை உண்டாக்கும். அது தண்ணீருக்குள் போய்க் கிருமிகளைக் கொல்லும். குழாயை விட்டு வெளியே கசிந்தால் நம் நுரையீரலையும் சும்மா விடாது.

கசிவைக் கண்டுபிடிக்க அண்ணாச்சி ஒரு கருவி செய்திருந்தார். சுவரில் ஆணி, ஆணியில் ரப்பர் பேண்டு, அதில் தொங்கும் எவர்சில்வர் தட்டு. இழுபட்டு நிற்கும் ரப்பரில் ஓசோன் பட்டால் வெடித்து அறுந்துவிடும். தட்டு விழுந்தால் எல்லோரும் வெளியே ஓட வேண்டும். நான் பி.எஸ்சி. படித்தவள் அல்லவா, சிரித்தேன்.

"வாடைதான் மூக்குக்கே தெரியுமே அண்ணாச்சி?"

"மூக்கு செத்த நேரத்துல பழகிப்போயிரும் கெமிஸ்ட்டம்மா. ரப்பரு பழகாது."

ஆனால் காய்ந்துபோன பழைய ரப்பரும் அறுந்தது. எலி கடித்தும் அறுந்தது. ஒரே மாதத்தில் ஏழு தடவை தட்டு விழுந்து, ஏழு தடவையும் சோற்றுக் கையோடு ரோட்டுக்கு ஓடினோம். ஏறத்தான் வருகிறோம் என்று நினைத்து டவுன் பஸ்காரர் இரண்டு தடவை வண்டியை நிறுத்திவிட்டார்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "ஓய், ஆண்டாள் தேருக்கு ஆர்டர் வந்திருக்கு. இன்னொரு தட்டு விழுந்து மெஷினு நின்னுச்சுன்னா, நீரு வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான்."

வேலை பார்த்த மில் மூடியபின் நாலு வருஷம் சும்மா இருந்த அண்ணாச்சிக்குக் கிடைத்த வேலை அது. அன்று மாலையே கடைக்குப் போய்ப் புது ரப்பர் பேண்டு பாக்கெட் வாங்கினார். ஆயுளில் முதல் தடவை.

தேருக்கு மூன்று நாள் இருக்கும்போது எனக்குக் கடும் ஜலதோஷம். ஓசோன் ரூமில் உட்கார்ந்து தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ரூமில் இருந்த முதலாளி, போன் சரியாகக் கேட்கவில்லை என்று எங்கள் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு இருமல் வந்தது. ஜலதோஷம்தான் என்று நினைத்தேன். நெஞ்சு எரிந்தது. மத்தியானம் குடித்த மிளகு ரசம் என்று நினைத்தேன்.

டங்.

அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். விழுந்த தட்டைப் பார்த்தார். முதலாளி ரூமைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பழைய ரப்பரா இருக்கும் அண்ணாச்சி. சத்தமில்லாம மாட்டிருங்க." அவருடைய வேலையைக் காப்பாற்றுகிறேனாம் நான்.

"காலைல மாட்டுன புதுசு" என்றார். மெஷினை அணைத்தார். "எந்திரிங்க."

எழ முடியவில்லை. மூச்சுக்கும் இருமலுக்கும் நடுவில் இடமே இல்லை. பெண்பிள்ளையைத் தொடக் கூசிய மனிதர், பிளாஸ்டிக் நாற்காலியோடு என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் ரோட்டோரத்தில் நிறுத்தினார். டவுன் பஸ் வந்து நின்றது.

"எவன்யா மெஷின நிறுத்துனது" என்று முதலாளி ஓசோன் ரூமுக்குள் பாய்ந்தார். பாய்ந்ததைவிட வேகமாக இருமிக்கொண்டே வெளியே வந்தார். சிக்கனத்துக்காகக் குழாய் மூட்டில் அவரே சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டிருந்த வாஷர் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதன்பிறகு அண்ணாச்சியை வீட்டுக்குப் போகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

நான் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பார்க்க வந்த அண்ணாச்சி குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கம்பியில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிட்டுப் போனார். அன்று சிரித்ததற்கு எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவர் காலமான மறுவருஷம் கம்பெனிக்கு எலெக்ட்ரானிக் அலாரம் வந்தது. அதை மாட்ட வந்த என்ஜினியர், பக்கத்து ஆணியில் நான் காலையில்தான் மாற்றியிருந்த ரப்பர் பேண்டையும் தட்டையும் பார்த்தார்.

"இது என்ன மேடம்?"

"அது எங்க அண்ணாச்சி" என்றேன்.