மரக்காலோடு வருகிறேன்

கண்ணாடிப் பெட்டி துடைத்தாயிற்று. மாலை வாங்கியாயிற்று. பதினோரு மணிக்குக் கலெக்டர் வருகிறார். மரக்கால்தான் இன்னும் வந்து சேரவில்லை.

காப்பாட்சியர் தியாகராசன் சட்டைப்பையிலிருந்த கார்டை இன்னொரு முறை படித்தார். "திங்கட்கிழமை மரக்காலோடு வருகிறேன். மாடிப்படி ஏற முடியாது. கீழேயே ஆவன செய்யவும். கண்ணுசாமி."

அந்த அரண்மனை மியூசியத்துக்கு அதுவரை புறாக்களைத் தவிர யாரும் எதுவும் கொடுத்ததில்லை. நெல் அளக்கும் பழைய மரக்கால் ஒன்றை யாரோ புண்ணியவான் தரப்போகிறார், படியேறத்தான் சோம்பல் என்று முடிவுகட்டிவிட்டார் தியாகராசன். வாசலருகே பெட்டி வைத்து, "மரக்கால். நன்கொடை: கண்ணுசாமி" என்று அட்டையும் எழுதி, கண்ணுசாமிக்கு "வரவும்" என்று பதிலும் சென்னைக்குத் தகவலும் அனுப்பியிருந்தார்.

பத்து மணிக்கு ஒரு கிழவர் வந்தார். கூடவே மஞ்சப்பையோடு அவர் சம்சாரம் அம்சம்.

"மரக்கால் எங்கங்க?" என்றார் தியாகராசன்.

கண்ணுசாமி வேட்டியை முழங்கால் வரை தூக்கினார். "இதாங்க. வேப்பங்கட்டை. பூச்சி வராது."

தியாகராசன் மாலையை மெதுவாக மேஜைக்கடியில் தள்ளினார்.

கிழவர் வந்த காரியம் வேறு. நில உச்சவரம்பில் துரைராசு பண்ணை பிரிந்தபோது, அதன் களத்துச் சாமான்கள் இந்த மாடிக்கு வந்துவிட்டன. அதில் கூலி அளந்த மரக்காலும் ஒன்று. முப்பது வருஷம் அதில்தான் கண்ணுசாமிக்குக் கூலி. நெல் கோபுரமாக எழும்பும் நேரம் பார்த்துக் காரியக்காரர் உள்ளங்கையால் வழித்துவிடுவார். வழிக்காமல் அளக்கச் சொன்ன வருஷம் களத்தில் அடிதடியாகிக் கால் போயிற்று. அளவு மாறவில்லை. இப்போது அவருக்கே ஒரு ஏக்கர் இருக்கிறது. பையில் அந்த நெல்.

"அந்த மரக்கால் ஒரு தடவ கோபுரமா நிக்கிறதப் பாத்துட்டுப் போயிடறேங்க."

"தொடக் கூடாதுன்னு போர்டே இருக்குங்க."

"நான் தொடலீங்க. நெல்லுதான் தொடும்."

அது ஊனமுற்றோர் ஆண்டு. யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று சென்னையிலிருந்து உத்தரவு வந்திருந்தது. படிக்கட்டுக்குத்தான் அந்த உத்தரவு தெரியாது. வாட்ச்மேன் முருகையனும் தோட்டக்காரரும் கிழவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கட்டிய ராஜா ஒல்லி போலிருக்கிறது. ஏழாம் படி வளைவில் நாற்காலி சிக்கிக்கொண்டது. இழுத்ததில் கட்டைக்கால் கைப்பிடிக் கம்பிக்குள் புகுந்துகொண்டது. வாரை அவிழ்த்துக் கிழவரைத் தனியாக, காலைத் தனியாக இறக்கினார்கள். நாற்காலி அங்கேயே தங்கிவிட்டது.

மணி பத்து ஐம்பது. பெட்டி காலி.

முருகையன் கையிலிருந்த காலைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான். "சார், இதையே வெச்சிடலாமா? பேரு சரியாத்தான் இருக்கு."

தியாகராசனுக்கு வேறு வழி தெரியவில்லை. நாற்காலியைத் தாண்டிப் போய்ப் பண்ணை மரக்காலை எடுத்துவந்து பெட்டியில் வைக்கச் சொன்னார். வந்தது. உள்விளிம்பை ஒட்டி வெள்ளைப் பெயின்டில் மியூசியத்தின் பழைய எண் பளிச்சென்று தெரிந்தது. வெளியே ஜீப் சத்தம்.

"நெல்ல கொட்டுங்க," என்றார் தியாகராசன். "நம்பர் தெரியக் கூடாது. விளிம்புக்கு மேலயே நிக்கணும்."

கண்ணுசாமி ஒற்றைக் காலில், அம்சத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு கொட்டினார். நெல் நிறைந்தது, எண் மறைந்தது, பிறகு மெல்ல எழும்பியது. உச்சியில் நாலு நெல்மணி சரிந்து, நின்றது. ஊரில் நெல் அளந்த பழக்கதோஷத்தில் வழித்துவிடப் போன முருகையனின் கையைக் கிழவர் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி. இருக்கட்டும்."

கலெக்டர் வந்தார், கிழவருக்கு மாலை போட்டார், போனார். அதுவரைக்கும் கண்ணுசாமி அந்தக் கோபுரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தியாகராசனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "கார்டுல கட்டைக்கால்னு எழுதியிருந்தா இவ்வளவு வம்பு வந்திருக்குமாங்க?"

கட்டைக்காலுக்கு வார் கட்டிக்கொண்டிருந்த அம்சம் நிமிராமலே சொன்னாள்:

"கட்டைக்கால்னு எழுதி மூணு கார்டு போட்டாருங்க, ஒண்ணுக்கும் பதில் வரல, நாலாவதுலதான் மரக்கால்னு போட்டாரு."