கோவிந்தராஜன் கணினியோடு பொருத படலம்

தடை தகர்க்கும் தும்பிக்கையானை முதற்கண் வணங்கி, கொல்கத்தா லேக் மார்க்கெட்டின் வாழையிலைக் கடைக்கு நேர்மேலே இரண்டாம் மாடியில் வீற்றிருப்பவரும், அலிப்பூர் அலுவலகத்தில் கோப்புக் கூட்டங்களை அடக்கி ஆண்டு ஓய்வு கொண்டவரும், தலைமேல் ஏற்றிய மூக்குக்கண்ணாடியை வீடெங்கும் தேடும் பெருந்தகையுமான கோவிந்தராஜன் என்னும் வீரரின் போர்க்கதையைச் சொல்லப் புகுகிறோம். கேட்போர் நலம் பெறுக. அவர்கள் வீட்டு மின்சாரம் நிலைத்திருக்க.

அவருக்கு வாய்த்த பகை அற்பப் பகையன்று. மேசையடியில் சாம்பல்நிறக் குன்றென அமர்ந்து, எழும்போது களிறெனப் பிளிறி, சற்று நேரத்தில் நிட்டை கூடிய முனிவனென உறைந்துவிடும் பழங்கணினி அது. உறைந்தபின் திரையில் அம்பு அசையாது, எழுத்து ஏறாது, மூலையில் கடிகாரமும் நின்றுவிடும். காலத்தையே நிறுத்தும் அவ்வல்லமை தேவர்க்கும் அரிது.

போருக்குக் காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை. எதிர்வீட்டு ரங்கநாயகியின் மகள் சுபிக்ஷாவுக்குத் தீபாவளி கழிந்த கையோடு திருமணம். முன்பு மகனின் பூணூலுக்கு ரங்கநாயகி ஆங்கிலத்திலும் வங்காளத்திலும் பத்திரிகை அடித்து அனுப்பியிருந்தாள். கும்பகோணத்து அக்கா ஜலஜா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படிக்கத் தெரியாதவாளுக்கு அனுப்பினா, வராதேன்னுதானே அர்த்தம்" என்ற ஒற்றைக் கணையால் உறவை அறுத்தாள். அன்றிலிருந்து பேச்சில்லை. இம்முறை பத்திரிகை தமிழில் போகாவிட்டால் அக்கா வரமாட்டாள். அக்கா வராத மணப்பந்தல் ரங்கநாயகிக்கு வெறும் மூங்கில்.

பவானிபூர் அச்சகத்திலோ தமிழ் எழுத்து இல்லை. கைபேசியில் தட்டி அனுப்பிய தமிழெல்லாம் அங்கே கட்டங்கட்டமாய்ச் சிதறி வீழ்ந்தது. தமிழை உருக்குலையாமல் வடித்துத் தரும் ஆற்றல் கோவிந்தராஜனின் கணினி ஒன்றுக்கே இருந்தது. அன்று பஞ்சமி, துர்கா பூஜை தொடங்கும் நாள். மாலை ஐந்துக்குக் கடையடைப்பு என்றும், அதன்பின் மா துர்கையே வந்து கேட்டாலும் பூஜை கழிந்துதான் என்றும் அச்சகத்துத் தாஸ்பாபு முரசறைந்துவிட்டார். பூஜை கழிந்து அடித்தால் அழைக்கும் காலம் கடந்துவிடும்.

ரங்கநாயகி அருகே நாற்காலியிட்டு அமர, வீரர் விசைப்பலகையாகிய களம் புகுந்தார். பிள்ளையார் சுழி ஏறிற்று. முகூர்த்தம் ஏறிற்று. "தங்கள் வரவை விரும்பும் பெரியம்மா" என்ற வரி வந்ததும் கணினி உறைந்தது. அதை அணைத்து உயிர்ப்பித்து, மீண்டும் தொடங்கினார். மீண்டும் பெரியம்மாவின் வாசலில் உறைந்தது.

"அக்காவுக்குக் கோவம் இன்னும் தீரலை மாமா" என்றாள் ரங்கநாயகி.

வீரர் சினந்து, வைரஸைக் கொல்லும் மென்பொருளை ஏவினார். அது பகைவரைத் தேடும் பாதி வழியில் தானும் உறைந்தது. பிரிண்டரைப் பிடுங்கி நாடு கடத்தினார். கம்பிகளைக் கழற்றி ஊதி மாட்டினார். பக்கவாட்டில் இருமுறை அறைந்தும் பார்த்தார். சால்ட் லேக்கில் கணினித் தொழில் புரியும் முகுந்தைத் தொலைபேசியில் அழைக்க, அவன், "அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்கோ அங்கிள்" என்று அருள்வாக்கு அளித்தான். காய்ச்சலில் கிடப்பவரைக் காட்டி மருந்து கேட்டால், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது தர்மமாகாது. இதை இளையோர்க்கு அன்போடு சொல்லி மேலே செல்கிறோம்.

நாலரை ஆயிற்று. மீண்டும் ஒருமுறை அறைந்து கையை எடுக்கையில்தான் வீரர் உணர்ந்தார்: அதன் விலா, காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியாய்க் கொதித்தது. திருப்புளி வந்தது. கவசம் கழன்றது.

உள்ளே கண்ட காட்சியை எங்ஙனம் உரைப்போம்! காற்று புகும் துளைகளில் சந்தனம் பாறையாய் இறுகியிருந்தது. குங்குமம் செம்மண்ணாய்ப் படிந்திருந்தது. சாம்பிராணிக் கரி கம்பளமாய் விரிந்திருந்தது. உள்விசிறியின் இறகுகளை உலர்ந்த சாமந்தி இதழ்கள் கட்டித் தழுவியிருந்தன. ஆண்டுதோறும் ஆயுதபூஜையில் வீரரின் துணைவி விஜயலக்ஷ்மி செலுத்திய பக்தி அனைத்தும், ஓர் இதழ் குறையாமல், அங்கே சேமிக்கப்பட்டிருந்தது.

விஜயலக்ஷ்மி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"நெத்தின்னு நெனச்சுண்டு மூக்குல வெச்சிருக்கேன்" என்றாள்.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சினக்க வீரருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவரோ ஓர் இதழை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மொழிந்தார்: "இத்தனை வருஷம் இது ஓடினதே உன் சந்தனத்தாலதான்."

வில்லாளர் எய்த எந்த அஸ்திரமும் இவ்வளவு மெல்லச் சென்று இவ்வளவு ஆழத் தைத்ததில்லை. அதன்பின் மூவரும் ஒரு படையாயினர். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் விஜயலக்ஷ்மி துளைகளைத் திறந்தாள். உள்விசிறி மட்டும் அசைய மறுத்தது. கொல்கத்தாவின் புழுக்கத்தில் தம்மைக் காத்துவந்த ஒரே மேசை விசிறியை வீரர் கணினியின் பக்கம் திருப்பினார். அதுவும் போதாதென்று, ரங்கநாயகி பனையோலை விசிறி ஏந்தி, கர்ப்பக்கிரகத்துப் பெருமாளுக்குச் சாமரம் வீசுவதுபோல் வீசினாள். வியர்வை அருவியாய் வழிய, வீரர் ஒவ்வோர் எழுத்தாய் இட்டார்: ஜ. ல. ஜா.

கணினி உறையவில்லை.

ஐந்தடிக்கச் சற்று முன்னே பத்திரிகை மின்னஞ்சலேறிப் பவானிபூருக்குப் பறந்தது. தாஸ்பாபுவிடமிருந்து கைபேசியில் கட்டைவிரல் ஒன்று நிமிர்ந்து வந்தது. அக்கணமே தெருமுனைப் பந்தலில் தாக் முழவங்கள் அதிர்ந்தன. அவை தேவிக்காக அதிர்ந்தன என்பார் உளர்; நாம் மறுக்கவில்லை. கொடி உயர்ந்தது, குலம் தழைத்தது, சிந்திய வியர்வையும் வீசிய விசிறியும் வீண்போகாமல், கடல்போல் சுற்றம் திரண்ட அந்த மங்கல நாளும் வந்தது.

ஜலஜா கல்யாணத்துக்கு வந்து, ரசத்தில் உப்பு கம்மி என்றாள்.