மாசிலாமணியின் படகு விசிறி

ஒரு காட்டில், கடலோரத்து அலையாத்திக் காட்டில், மாசிலாமணி என்றொரு நீர்நாய் படகு ஓட்டிப் பிழைத்தது. காட்டை இரண்டாகப் பிரிக்கும் உப்பங்கழியைக் கடக்க அந்த மோட்டார் படகை விட்டால் வேறு வழி கிடையாது. காலையில் அக்கரைக்கு இரை தேடப் போகிறவர்களும், சாயங்காலம் வயிறு நிறைந்து திரும்புகிறவர்களும் அதில்தான் ஏறியாக வேண்டும்.

ஒருநாள் தண்ணீர் வற்றிய நேரத்தில் படகு ஒரு கட்டையில் இடித்தது. பின்னால் தண்ணீருக்குள் சுழலும் விசிறியின் இறக்கை ஒன்று வளைந்துவிட்டது. மாசிலாமணி குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று அதற்குத் தெரியும்.

அன்றிலிருந்து படகு கடகடவென்று நடுங்கியது. டீசலைக் குடித்துத் தீர்த்தது. வேகத்தைக் கூட்டினால் என்ஜின்தான் கத்தியதே தவிர படகு முன்னைப்போல் ஓடவில்லை. மாசிலாமணியின் மனைவி பூங்காவனம் படகுக்காரக் குடும்பத்தில் பிறந்தது. நடுக்கம் கண்ட அன்றே விசிறியைக் கழற்றிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அது மாட்டியிருக்கும் தண்டும் சேர்ந்து கெடும் என்று எடுத்துச் சொன்னது.

“ஓடுதுல்ல புள்ள,” என்றது மாசிலாமணி.

“ஓடுறப்பவே பார்க்கணும்ங்க. நின்னப்புறம் பார்க்க என்ன இருக்கு?”

பயணிகளைக் கேட்டு முடிவெடுக்கலாம் என்று மாசிலாமணி சொல்லிவிட்டது.

பயணிகள் சங்கத்தின் செயலாளர் தணிகாசலம் என்ற நரி. அது கூட்டம் போட்டது. படகு நடுங்கினால்தான் தன் குட்டிகள் தூங்குகின்றன, யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்றது காட்டுப்பன்றி. சத்தத்துக்கு மிரண்டு மீன்கள் படகுக்குள்ளேயே துள்ளி விழுவதாக, அதற்காகவே படகில் வரும் கொக்கு மனநிறைவோடு தெரிவித்தது. இடுப்புப் பிடிப்புக்கு இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது என்றது கிழட்டுக் குரங்கு. கடைசியில், விசிறியை எப்போது பழுதுபார்க்க வேண்டும் என்று ஆராய ஒரு குழு அமைப்பதென்றும், அதற்கு நரியே தலைவர் என்றும், குழு முடிவு சொல்லும்வரை விசிறி இருந்தபடியே இருக்கட்டும் என்றும் தீர்மானமாயிற்று. பூங்காவனம் கூட்டத்தின் நடுவிலேயே எழுந்து போய்விட்டது. இனி அந்தப் படகில் கால் வைப்பதில்லை என்றும் சொல்லிவிட்டது.

ஆனால் அக்கரையில் தன் தங்கை குட்டி போட்டிருக்கும் சேதி வந்தபோது வேறு வழியில்லாமல் பூங்காவனமும் ஏறியது.

நடுக்கழியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். நடுக்கம் நின்றது. பன்றிக்குட்டிகள் விழித்துக்கொண்டன. விசிறி கழன்று தண்ணீருக்குள் போயிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, படகு ஓடவில்லை. வற்றுகிற தண்ணீர் அதைக் கடல் பக்கமாக மெல்ல இழுத்தது. மாசிலாமணி மனைவியைப் பார்த்தது. பூங்காவனம் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டது. அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அப்போதுதான் முதலை தலையைத் தூக்கியது. அந்தக் கழியில் ஒரு முதலை உண்டு. நீந்தத் தெரிந்தவர்களும் அதற்குப் பயந்துதான் படகில் ஏறுவார்கள். பேச்செடுத்தால் வந்துவிடும் என்று காட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் அதனால்தான் இதுவரை சொல்லவில்லை.

காட்டுப்பன்றி குட்டிகளைத் தனக்குப் பின்னால் தள்ளியது. தணிகாசலம் சங்கப் பதவியை அங்கேயே ராஜினாமா செய்தது.  மாசிலாமணி படகின் ஓரத்துக்கு வந்து நின்றது.

“என்னைத் தின்னுக்குங்க. மத்தவங்களை விட்டுடுங்க. விசிறியைப் பார்க்காம விட்டது நான்தான்.”

முதலையின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அது தின்பதைப் பற்றிப் பேசவே இல்லை.

“அந்தக் கடகடா நின்னுடுச்சா?” என்று கேட்டது.

“நின்னுடுச்சுங்க.”

“திரும்ப வருமா?”

 பூங்காவனம் முன்னால் வந்தது.

“நாங்க கரை சேர்ந்தா வேற விசிறி மாட்டுவோம். இவரு அதையும் பார்க்க மாட்டாரு. அதுவும் கடகடன்னும்,” என்றது. “விசிறி இல்லாமலே படகு போச்சுன்னா, சத்தம் வராது.”

 படகு நடுங்கத் தொடங்கிய நாளிலிருந்து முதலை கண் மூடவில்லை. இரையைத் துரத்தவும் தெம்பில்லை. பேசாமல் படகின் பின்புறத்தில் மூக்கைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தது. கரை வந்ததும், காலையும் மாலையும் தானே தள்ளுவதாகவும் இந்தப் பக்கம் விசிறி என்ற பேச்சே கூடாதென்றும் சொல்லிவிட்டு, சேற்றிலேயே படுத்துக் குறட்டை விட்டது.

இப்போது மாசிலாமணிக்கு டீசல் செலவில்லை. என்ஜினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டு பேருக்கு இருக்கை போட்டிருக்கிறது. ஒருநாள் அது மனைவியிடம், அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி என்று மனமார ஒப்புக்கொண்டது.

“சரியாச் சொன்ன நான் இன்னும் முதலைக்குப் பயந்துக்கிட்டே ஏறுறேன்,” என்றது பூங்காவனம். “தப்பு பண்ணின நீங்க கால் நீட்டி உட்கார்ந்திருக்கீங்க.”

நீதி: பழுதை உடனே சரிசெய்கிறவன் தன் படகைத் தானே ஓட்ட வேண்டும், அடுத்தவர் தூக்கம் கெடும்வரை விட்டுவைப்பவனுக்குத் தள்ளிவிட ஆள் கிடைக்கும்.