கூரைத் தொட்டிக்கு ஒரு கவிதை நயம்

சிராங்கூன் சாலையில் பூக்கடைகளைத் தாண்டி வேகமாக நடந்துகொண்டிருந்தேன். ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முழுக்கைச் சட்டையும் கழுத்தில் டையுமாக ஒருவன் ஓடினால் நிறுத்தி விசாரிப்பார்கள். விசாரித்தால் சொல்ல வேண்டியிருக்கும். கையில் ஆறு தாள்கள். ஆறிலும் ஒரே விஷயம்தான்: கூரையிலுள்ள தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போகிறார்கள், முன்கூட்டியே நீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்துக்கு முன்னால்தான், ஓர் அறை நிறைந்த பெற்றோருக்கு முன்னால், இதை எழுதியவன் நான் என்று மார்தட்டிச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

வேலையிலிருந்து நடந்து வெளியேறுவது எனக்குப் புதிதல்ல. உயர்நிலை இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அதன்பின் ஜோகூரிலிருந்து வரும் காய்கறி லாரியில் ஏறி இறங்கினேன், கப்பலில் துருச் சுரண்டினேன், ஹோட்டலில் தட்டுக் கழுவினேன், கேலாங்கில் ஒரு கிடங்குக்குக் காவல் இருந்தேன். நடுவில் வேலை இல்லாத மாதங்களில் லாரியில் தூங்கியதும் உண்டு. (மெத்தை இல்லையே தவிர, காற்றோட்டம் பிரமாதம்.) எந்த வேலையும் மூன்று மாதம் தாண்டியதில்லை. ஆனால் அதுவரை எந்த வேலையிலிருந்தும் கவிஞனாக வெளியேறியதும் இல்லை.

அப்போது சுவா சூ காங்கில் அக்கா வீட்டு சோபாவில் குடியிருந்தேன். அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்.

“ஒரே வேலையில மூணு மாசம் நில்லு. நின்னா ஸ்டோர் ரூமை ஒழிச்சு உனக்கே தர்றேன். நிக்கலன்னா நீ வேற எடம் பாத்துக்க. அத்தான் டிவி பாக்கவே எடம் இல்ல.”

அத்தான் பேருந்து ஓட்டுகிறவர், நல்ல மனிதர். என் கால்மாட்டில் விளிம்பில் உட்கார்ந்துதான் பந்தாட்டம் பார்ப்பார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் தாங்க முடியாதது.

லிட்டில் இந்தியாவில் ஒரு டியூஷன் நிலையத்துக்கு வெள்ளைப் பலகை மாட்டப் போனேன். மாட்டி முடித்ததும், நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சுவரில் இருந்த ஒரு செய்யுளை உரக்கப் படித்தேன். (பலகை நேராக இருப்பதற்கும் செய்யுளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். வாய் சும்மா இருக்காது.) நிலையத்தை நடத்தும் மிஸஸ் சந்திரா அலுவலகத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

“யாரு அது? உங்க வாய்ஸா? எங்க கவிதை டீச்சர் பிரசவத்துக்குப் போயிட்டாங்க. நீங்க உயர்நிலை மூணுக்கு எடுக்கிறீங்களா?”

“நான் அவ்வளவா படிக்கல மேடம்.”

“பரவாயில்ல லா. குறிப்பெல்லாம் ஃபைல்ல இருக்கு. பேரண்ட்ஸுக்கு வாய்ஸ்தான் முக்கியம்.”

இப்படியாக நான் கவிதை ஆசிரியரானேன். அத்தானின் கல்யாண டையைக் கடன் வாங்கிக்கொண்டேன்.

வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். நன்றாகப் படிப்பவர்களுக்குப் பச்சை ஃபைல், நடுத்தரத்துக்கு மஞ்சள், தமிழ் எழுத்தைக் கண்டாலே தலை சுற்றுகிறவர்களுக்குச் சிவப்பு. மூன்றுக்கும் ஒரே அறை, ஒரே கவிதை, ஒரே நான். பச்சை ஃபைல் இர்ஃபான் கவிதையை நான் வாசித்து முடிப்பதற்குள் பதில் எழுதி, கோடு போட்டு, பேனாவை மூடிவிடுவான். சிவப்பு ஃபைல் ஷார்மினி முதல் வரியில் விரல் வைத்தபடி, என்னை ஒரு பரிதாபத்தோடு பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருவனுக்கு நான் மெதுவாகப் போகிறேன், இன்னொருத்திக்கு நான் பறக்கிறேன். நடுவில் உள்ள மஞ்சள் கூட்டம் நான் எப்படிப் போனாலும் தூங்கியது.

நானும் ஒருகாலத்தில் சிவப்புதான். அதனால் முதல் நான்கு வாரம் ஒரே கேள்வியைக் கேட்டேன்.

“இந்தக் கவிதையில உங்களுக்கு எந்த வரி புடிச்சிருக்கு?”

ஏசி மட்டும் பதில் சொன்னது.

“சார், இது எக்ஸாம்ல வருமா?” இது இர்ஃபான்.

“வராது. சும்மா சொல்லுங்க.”

“வராதுன்னா எதுக்கு சார்?”

“ஷார்மினி, நீ சொல்லும்மா.”

“எல்லா வரியும் நீளமா இருக்கு சார்.”

வீட்டுக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டே கண்ணை மூடுவேன். துருச் சுரண்டிய நாட்களில்கூட இவ்வளவு களைத்ததில்லை. துரு சுரண்டினால் வரும்.

ஐந்தாம் வாரம் பழைய ஆசிரியரின் ஃபைலில் ஒரு தாள் கிடைத்தது. கவிதை நயம் எழுத ஐந்து வாக்கியங்கள். ஒன்று, கவிஞர் இதில் ஓர் ஏக்கத்தைப் பதிவு செய்கிறார். இரண்டு, இயற்கைப் பொருளைக் குறியீடாக்குகிறார். மூன்று, எளிய சொற்களில் ஆழ்ந்த பொருளை வைக்கிறார். நான்கு, ஓசை நயம் உள்ளத்தைத் தொடுகிறது. ஐந்து, இன்றைய சமுதாயத்துக்கு இது மிகவும் தேவையான கருத்து. கவிதைக்குத் தகுந்தபடி நடுவில் சொல்லை மாற்றிக்கொண்டால் போதும். சோதித்துப் பார்த்தேன். நிலாவுக்குப் பொருந்தியது. தாய்மைக்குப் பொருந்தியது. சாலைப் பாதுகாப்புக்கும் பொருந்தியது.

மனசாட்சி கொஞ்சம் உறுத்தியது. ஆனால் மஞ்சள் கூட்டம் விழித்துக்கொண்டது. மதிப்பெண் ஏறியது. மிஸஸ் சந்திரா என்னைச் ‘சார்’ என்று அழைக்க ஆரம்பித்தார். ஷார்மினி மட்டும் அந்த ஐந்து வாக்கியங்களை எழுத மறுத்தாள்.

“எனக்கு ஏக்கமே வரல சார். வராம எப்படி எழுதுறது?”

“வந்த மாதிரி எழுதும்மா!”

“பொய் சொன்னா அம்மா அடிப்பாங்க சார்.”

பத்தாம் வாரம் பெற்றோர் நாள். பெற்றோர் பின்னால் நிற்க, பிள்ளைகள் அதுவரை பார்த்திராத ஒரு கவிதைக்கு நயம் எழுதி வாசிக்க வேண்டும். “நல்ல கவிதையா ஒண்ணு கொண்டுவாங்க சார்,” என்றார் மிஸஸ் சந்திரா. இன்னும் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தால் ஸ்டோர் ரூம் எனக்கு. நல்ல கவிதையைத் தேடுவானேன், நானே எழுதினால் என்ன என்று தோன்றியது. (இந்த இடத்தில் என் கன்னத்தில் நானே ஒன்று கொடுத்துக்கொள்கிறேன்.)

பெற்றோர் நாளன்று காலை அக்கா வீட்டில் எழுதத் தாள் இல்லை. வாசல் இடுக்கில் செருகியிருந்த ஓர் அறிவிப்பு இருந்தது. நான்கு மொழியில் நான்கு கட்டமாக அச்சடித்தது; பின்பக்கம் வெள்ளை. நான்காகக் கிழித்து, கையில் வந்த துண்டின் பின்பக்கத்தில் மழையைப் பற்றி எட்டு வரி எழுதினேன். ‘வானமே, உனக்கேன் மௌனம், வாடுதே என் நெஞ்சின் ஓரம்’ என்று தொடங்கும். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம், ஊகிப்பதைவிட மோசமாக இருந்தது.

தேக்காவில் ஒரு நகல் கடையில் துண்டை நீட்டி, “இருபது” என்றேன். கடைக்காரர் எந்தப் பக்கம் அச்சாக இருந்ததோ அந்தப் பக்கத்தை நகல் எடுத்தார். அவர்மேல் தப்பில்லை. கைப்பட எழுதிய கிறுக்கலையும் அச்சான எழுத்தையும் பார்த்தால் எவரும் அதைத்தான் செய்வார். நான் தாள்களை வாங்கி, சூடு ஆறாமல் வகுப்பில் விநியோகித்தேன். ஒரு தாளைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என் கவிதை எனக்கு மனப்பாடம்; எழுதியவனுக்கு எதற்குத் தாள்? கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றேன்.

பிள்ளைகள் கையில் இருந்தது இதுதான். ஒடுங்கிய கட்டம் என்பதால் வரிகள் தாமாகவே உடைந்திருந்தன:

திங்கட்கிழமை
காலை ஒன்பது முதல்
கூரைத் தொட்டிகள்
கழுவப்படும்.
நீர் வராது.
வேண்டிய நீரை
இன்றே சேமித்துவையுங்கள்.
நீர் திரும்பி வரும்போது
சற்று நேரம்
கலங்கலாக இருக்கும்.
அஞ்ச வேண்டாம்.

அதன் கீழே ஒரு தொலைபேசி எண்.

“யார் எழுதினதுன்னு கடைசியில சொல்றேன்,” என்று புன்னகைத்தேன். “ஆரம்பிங்க.”

இருபது நிமிடம் கழித்து இர்ஃபான் எழுந்தான். பின்வரிசையில் அவன் அப்பா கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தார். கேலாங்கில் துணிக்கடை வைத்திருப்பவர். மகன் பேச்சில் உயிரையே வைத்திருந்தார்.

“கவிஞர் இக்கவிதையில் நீருக்கான ஏக்கத்தைப் பதிவு செய்கிறார். இங்கு நீர் என்பது அன்பின் குறியீடு. அன்பு வராத நாளும் வரும். ஆகவே இன்றே சேமித்துவையுங்கள் என்கிறார். அன்பு திரும்பி வரும்போது முதலில் கலங்கலாக இருக்கும் என்பதை எளிய சொற்களில் கூறுகிறார். இன்றைய சமுதாயத்துக்கு இது மிகவும் தேவையான கருத்து.”

கைதட்டல். எனக்குக் கண் கலங்கியது. என் எட்டு வரிக்குள் இவ்வளவு இருந்ததா? சேமிப்பைப் பற்றி நான் எழுதியதாக நினைவில்லை. ஆனால் பெரிய கவிதைகளில் கவிஞனுக்கே தெரியாமல் ஆயிரம் இருக்கும் என்று எங்கோ கேட்டிருந்தேன். அது இதுதான் போலும்.

அடுத்த நான்கு பேரும் தொட்டி என்பது மனம் என்றார்கள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

ஷார்மினி கை தூக்கினாள். பத்து வாரத்தில் முதல் தடவை.

“சார், இது போயம் இல்ல லா. நோட்டீஸ்.”

பெற்றோர் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம். எனக்குச் சுருக்கென்றது.

“ஷார்மினி, மனசால படிக்கணும்.”

“மெதுவாத்தான் சார் படிச்சேன். எல்லா வரியும். எங்க பக்கத்து புளோக்ல, லிஃப்ட் கிட்ட இதையே ஒட்டியிருக்காங்க.”

“புதுக்கவிதை அப்படித்தாம்மா இருக்கும்! பாக்க நோட்டீஸ் மாதிரி இருக்கும், படிச்சா நெஞ்சைத் தொடும்!” குரலை உயர்த்தினேன். வாய்ஸுக்காகத்தானே எடுத்தார்கள். “சொல்லிடறேன். இதை எழுதினவன் வேற யாருமில்ல. நான்தான். ஒவ்வொரு வரியும் நான் பட்டு எழுதினது!”

அறை அசந்துவிட்டது. மிஸஸ் சந்திரா இரு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். இர்ஃபானின் அப்பா முன்னால் வந்து என் கையைப் பிடித்தார்.

“மாஷா அல்லாஹ், அருமை சார். எங்க சங்கத்து விழாவுக்கு நீங்க கண்டிப்பா வரணும். இதுல கீழ இருக்கிறது உங்க நம்பர்தானே?”

“என்ன நம்பர்?”

அவர் அதற்குள் அழுத்திவிட்டார். என் பையில் எதுவும் ஒலிக்கவில்லை. அவர் கைப்பேசியின் ஸ்பீக்கரில் ஒரு கரகரத்த குரல் அறை முழுவதும் கேட்டது.

“ஹலோ! தொட்டிதானே? நாளைக்கு ஒம்போது மணிக்குண்ணே. பயப்படாதீங்க லா, தண்ணி புடிச்சு வச்சிக்கிங்க. கலங்கலா வந்தா அஞ்சு நிமிஷம் தொறந்து விடுங்க, சரியாயிடும்.”

நான் மெல்ல ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். அந்த அறையில் அதை மெதுவாக, எல்லா வரியும் படித்தவள் ஒருத்திதான் என்பது அப்போது புரிந்தது. அவளை நான் எல்லார் முன்னாலும் திட்டியிருந்தேன். “சாரிம்மா” என்று சொல்ல வாயெடுத்தேன், வாய்ஸ் வரவில்லை.

மிஸஸ் சந்திரா என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். கத்தவில்லை.

“சார், நீங்க மாட்டின வைட் போர்டு ரொம்ப நேரா இருக்கு,” என்றார். “அதோட விட்டிருக்கலாம்.”

சுவா சூ காங்குக்கு வந்து சேர்ந்தபோது அக்கா குளியலறையில் வாளிகளில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல, குழாயை மூடக்கூட முடியாமல் சிரித்து, ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்ததும் முகம் மாறியது.

“சிரிச்சது வேற. பேச்சு பேச்சுதான். பத்து வாரம் மூணு மாசம் ஆவாது.”

“அக்கா...”

“நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள வேற வேலையோட வா. முதல் நாள்லேர்ந்து மறுபடி எண்ணுவேன். இல்லன்னா பையைக் கட்டு.”

எனக்குத் தெரிந்த ஆட்களையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தேன். எல்லாரிடமும் ஒரு தடவை வேலை பார்த்து வெளியேறியிருந்தேன். கையில் மிச்சமிருந்தது ஆறு தாள்கள். ஆறிலும் ஒரு தொலைபேசி எண் இருந்தது.

“யாரு?” என்றது அதே கரகரத்த குரல்.

“வேலைக்கு ஆள் வேணுமாண்ணே?”

“தொட்டிக்குள்ள எறங்க சர்ட்டிஃபிகேட் இருக்கா?”

“எதுக்கும் இல்லண்ணே.”

“அப்ப நோட்டீஸ் ஒட்டற வேலைதான். காலையில ஆறு மணிக்கு வா. ஏய், இன்னைக்கு ஒரு ஆளு என்னைக் கவிஞர்னு நெனச்சு...”

“தெரியும்ணே,” என்றேன்.

இன்றைக்கும் அக்கா வீட்டு வாசலில் எந்த அறிவிப்பு வந்தாலும், லிஃப்ட் பழுதானாலும் கொசுமருந்து அடித்தாலும், அத்தான் அதை எடுத்து, நின்றுகொண்டு, தொண்டையைச் செருமி வாசிப்பார். “கவிஞர் இதில் ஓர் ஏக்கத்தைப் பதிவு செய்கிறார்” என்று அக்கா சமையலறையிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். “இன்றைய சமுதாயத்துக்கு மிகவும் தேவையான கருத்து” என்று இருவரும் சேர்ந்து முடிப்பார்கள். இதை நான் இப்போது எழுதுவது அந்த ஸ்டோர் ரூமில் உட்கார்ந்துதான்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஆறரைக்கு, தோளில் பை, வளையல்போல மணிக்கட்டில் டேப் சுருளோடு, அக்காவின் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்து புளோக்கில் நின்றேன். அங்கே புதன்கிழமை கழுவுகிறார்கள். லிஃப்ட் பக்கத்தில் முதல் தாளை ஒட்டினேன். கதவு திறந்தது. பள்ளிச் சீருடையில், முதுகுப் பையோடு ஷார்மினி.

என்னைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் பக்கத்தில் வந்து, வரிக்குக் கீழே விரல் வைத்து, உதடு அசைய, கடைசிவரை படித்தாள். எனக்கு இன்னும் பதினேழு மாடிகள் பாக்கி இருந்தன. நின்றேன்.

“நேத்து திட்டினதுக்கு சாரிம்மா.”

“இட்ஸ் ஓகே சார்.” விரல் இன்னும் ஒரு வரியில் இருந்தது. “கலங்கலா வரும், அஞ்ச வேண்டாம்னு போட்டிருக்காங்கல்ல. இந்த வரி எனக்குப் புடிச்சிருக்கு.”

நான்கு வாரம்! ஏசியிடம் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்ட கேள்விக்கு, வேலை போன மறுநாள் காலையில், லிஃப்ட் வாசலில் பதில் வருகிறது.

“இதை நேத்து சொல்லியிருக்கக் கூடாதாம்மா?”

“நேத்து நீங்க கேக்கல சார்,” என்றாள். “மேல் மூலை பிரிஞ்சிருக்கு பாருங்க.” கட்டைவிரலால் டேப்பை அழுத்தி ஒட்டிவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள்.

நான் அடுத்த தாளை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் படியேறினேன்.