சர்வரைச் சரிசெய்த மரநாய்

ஒரு காட்டில் இருந்த கூடு, பொந்து, வளை எல்லாவற்றையும் அரசாங்கம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தது. யார் எந்த மரத்தில் குடியிருக்கிறார்கள், முட்டை எத்தனை, அம்மா இரை தேட எத்தனை மணிக்குக் கிளம்புவாள், எல்லாம் அதில் இருந்தன. நிர்வாக வசதிக்காக என்று சிங்கராஜா சொன்னார்.

இந்த விவரங்களைப் பூட்டி வைத்திருந்த டேட்டாபேஸ் சர்வர் மென்பொருளை எழுதியது ஒரு முள்ளம்பன்றி. அது ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றும் படித்துப் பார்க்கலாம். எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். படித்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

பதிவு அலுவலகத்தில் ஒரு கௌதாரி குமாஸ்தாவாக இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை அதற்குப் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. யோசித்தபடியே ஸ்பேஸ் பட்டனைக் கொத்தியது. கால் நழுவி என்டரில் பட்டது. சர்வர் திறந்துகொண்டது. மறுபடி செய்து பார்த்தது. மறுபடியும் திறந்தது. பாஸ்வேர்டுக்குப் பதில் வெறும் ஸ்பேஸ் ஒன்று போதும், யாரும் உள்ளே போகலாம்.

கௌதாரியின் சொந்த முட்டைகள் ஐந்தும் அந்தப் பட்டியலில்தான் இருந்தன.

வெளியே மூச்சு விடாமல் முள்ளம்பன்றிக்கு மட்டும் எழுதியது. முள்ளம்பன்றி பதறிப்போய், சாப்பாட்டை மறந்து இரண்டு நாள் தேடியது. தப்பு ஒரே ஒரு வரியில் இருந்தது. அதைத் திருத்திப் புது வெர்ஷனை வெளியிட்டு, "தயவுசெய்து எல்லோரும் உடனே அப்டேட் செய்யுங்கள்" என்று அறிவித்தது. மூன்று பேர் பதில் எழுதினார்கள். மூவரும் கேட்டது, "கண் கூசாத கறுப்புத் திரை வசதி எப்போது வரும்?"

கௌதாரி மேலதிகாரி எருமைக்கடாவிடம் ஓடியது.

"சார், சர்வரை அப்டேட் பண்ணணும். பத்து நிமிஷ வேலை."

"இப்போ ஓடுதா?"

"ஓடுது சார். ஆனா அதுல ஓட்டை இருக்கு."

"ஓடுறதுல எதுக்கும்மா கை வைக்கணும்? போன வருஷம் பிரிண்டரை அப்டேட் பண்ணினோம். இன்னைக்கு வரைக்கும் அது எழுந்திரிக்கல."

"யாராவது உள்ள வந்துட்டா?"

"வந்தா எழுதிக் கொடு, பார்க்கலாம்," என்று எருமைக்கடா அசைபோட்டது.

கௌதாரி தன் முட்டைகளை ஒவ்வொன்றாக உருட்டி வந்து அலுவலக ஃபைல் அலமாரிக்குள் வைத்துக்கொண்டது. அங்கே யாரும் எதையும் தேடமாட்டார்கள்.

முள்ளம்பன்றியின் அறிவிப்பை, ஸ்பேஸ் ஓட்டையை விளக்கிய கடைசி வரி வரைக்கும் படித்தது காட்டிலேயே ஒரு மரநாய்தான். ஓட்டையை அடைத்துவிட்டார்கள் என்றால், அப்டேட் செய்யாத இடத்தில் ஓட்டை அப்படியே இருக்கும் என்று அதற்குப் புரிந்தது. ஸ்பேஸ் தட்டியது, உள்ளே போனது. அந்த வாரம் பல கூடுகளில் முட்டைகள் காணாமல் போயின. எல்லாம் அம்மா வெளியே போன அந்தச் சரியான நேரத்தில். அழுதுகொண்டு வந்த தாய்ப்பறவைகளிடம் எருமைக்கடா ஒரு படிவத்தைக் கொடுத்து, காணாமல் போன முட்டையின் அசலை இணைக்கச் சொன்னது.

அடுத்த வாரம் மரநாய் ஒரு மைனாவின் கூட்டுக்குப் போனபோது, அங்கே ஒரு கீரி வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது. அதுவும் ஸ்பேஸ் தட்டி வந்ததுதான்.

மரநாய்க்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கண்டவனெல்லாம் நுழையறான்! இந்த ஆபீஸ்ல பாதுகாப்புன்னு ஒண்ணு கிடையாதா?"

அன்று மத்தியானமே சர்வருக்குள் போய்ப் புது வெர்ஷனை நிறுவியது. தனக்கென்று ஒரு நல்ல பாஸ்வேர்டையும் வைத்துக்கொண்டது. பத்தே நிமிஷம்தான் ஆயிற்று.

முட்டைப் புகார் பெரிதாகிவிட, ராஜா ஓர் ஆந்தையைக் கூட்டிக்கொண்டு சோதனைக்கு வந்தார். ஆந்தை சர்வரை அலசிவிட்டு, "ராஜா, இவ்வளவு கச்சிதமான சர்வரை நான் பார்த்ததே இல்லை," என்றது.

"எல்லாம் என் மேற்பார்வைதான்," என்றது எருமைக்கடா.

வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் நின்ற மரநாய்க்குப் பொறுக்கவில்லை. "பொய்! அது நான் பண்ணின வேலை!"

நீ எப்படி உள்ளே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. ராஜா அங்கேயே மரநாயைத் தலைமைப் பாதுகாப்பு அதிகாரியாக்கினார். ஓட்டையோடு மென்பொருள் எழுதியதற்காக முள்ளம்பன்றிக்கு நோட்டீஸ் போனது.

கௌதாரி முன்னால் வந்தது. "ராஜா, முட்டையைத் திருடினதே இந்த மரநாய்தான்!"

"ஆதாரம் இருக்கா?"

"யார் எப்போ உள்ள வந்தாங்கன்னு சர்வர்லயே பதிவாயிருக்கும், ராஜா."

"நல்லது. பாதுகாப்பு அதிகாரிகிட்ட அனுமதி வாங்கிக்கிட்டுப் போய்ப் பாரு," என்றார் ராஜா.

நீதி: உங்கள் சர்வரை நீங்கள் அப்டேட் செய்யாவிட்டால் கவலை வேண்டாம். உங்களைவிட அதில் அக்கறை உள்ளவர் ஒருவர் தானே வந்து செய்து தருவார்.